ஐந்து கையெழுத்து

1974 ஜூலை 18, வியாழன்
விடாத மழை. குடைக்கம்பி ஒன்று போயிற்று. நான் நடத்திய மூன்று நாள் பயிற்சி முடிந்தது.

எஸ்டேட் வேலை ஓய்ந்ததும் லயத்து வீட்டை விட்டு இறக்கப்பட்ட பதினோரு குடும்பங்கள். சரிவை வெட்டிக் குடிசைகள். அவர்களுக்காகச் சர்ச் சபைக்காரர்கள் நடத்தும் சங்கம். செயலாளர் ஞானமுத்து அண்ணாச்சி. எல்லா முடிவும் அவர் வாய்தான். தொங்கும் தண்டவாளத் துண்டை அடிப்பார். எஸ்டேட்டில் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வருவதுபோல எல்லாரும் வந்து நிற்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, இது இன்னும் எஸ்டேட்டுங்களா?"

"பழக்கம்லாம்மா. நீங்க சொன்னா நிறுத்திருதேன்."

இனி விதி: லயங்களில் இருக்கும் ஏழு சங்க உறுப்பினரில் ஐந்து கையெழுத்து இல்லாமல் முடிவு இல்லை. மூன்று நாள் முன்னறிவிப்பு. கூட்டம் குடிசைகளின் நடுவிலேயே. அண்ணாச்சி பரீட்சைக்குப் படிப்பதுபோலச் சொல்லிப் பார்த்தார். தண்டவாளத்தைத் தானே கழற்றினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கிளம்பும்போது குடிசைக்காரி ரோசம்மா: "கதவு அடைக்கமாட்டேங்கு டீச்சர். போன வாரம் நல்லாத்தான் அடைச்சுச்சு." மரம் ஊறியிருக்கும் என்றேன்.

ஜூலை 20, சனி. காந்தலூர்
மலைக்கு இந்தப் பக்கம் நல்ல வெயில். துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. இங்குள்ள சங்கத்துக்கும் அதே பாடம். வாங்க வேண்டியது: மை, சோப்பு, இன்லண்டு லெட்டர். மேற்கே மட்டும் வானம் கறுத்தே கிடக்கிறது.

ஜூலை 26, வெள்ளி
முட்டைக்கோஸ் லாரிக்காரர் அண்ணாச்சியின் அறிவிப்பைக் கொண்டுவந்தார். நேற்றைய தேதி. வரிசை எண், பொருள், இடம், எல்லாம் நான் கற்றுக்கொடுத்தபடி. முதலில் சந்தோஷப்பட்டுத் தொலைத்தேன். பிறகுதான் படித்தேன்.

"பொருள் 1: சென்ற கூட்டக் குறிப்பு வாசித்தல். பொருள் 2: கூரைப் புல். பொருள் 3: குடிசைகளுக்குப் பின்னால் மண் வெடிப்பு, இரண்டு விரல் அகலம். ஓடை கலங்கி வருகிறது. எல்லாரையும் சபைக் கோயிலுக்கு மாற்றலாமா என்பது. கூட்டம் ஞாயிறு மாலை மூன்று மணி."

அடியில்: "அம்மா, நீங்கள் சொன்னபடி நான் தனியாக ஒன்றும் முடிவு செய்யவில்லை."

லாரிக்காரர்: "அங்க பேய்மழைம்மா. கையெழுத்துக்கு ஆள் சேரலன்னு அண்ணாச்சி லயம் லயமா அலையுதாரு."

எங்கள் ஊரில் கிணறு சரிவதற்கு முன், மண் நகர்ந்து, மோட்டார் ரூம் கதவும் ரோசம்மா வீட்டுக் கதவு போலத்தான் இறுகிற்று. எனக்குத் தெரியும். தெரிந்தும் மரம் ஊறியிருக்கும் என்றேன். பாவி நான்.

ஜூலை 27, சனி. மறையூர்
பஸ் இங்கேயே நின்றுவிட்டது. மேலே ரோடு இடிந்துவிட்டதாம். மூன்று ஜீப்புக்காரர்களைக் கெஞ்சினேன். ஒருவரும் அசையவில்லை. தபாலாபீசில் தந்தி எழுதினேன்: கூட்டம் வேண்டாம், உடனே எல்லாரையும் கோயிலுக்கு மாற்றவும். போஸ்ட்மாஸ்டர் வாங்கவில்லை. "லைன் கட்டாயி டீச்சரே. நாளைக்கு நோக்காம்." தந்திக் கம்பி அறுந்துவிட்டதாம், நாளைக்குப் பார்க்கலாமாம்.

ஜூலை 28, ஞாயிறு
வெயில். கூட்டத்துக்கு இன்னும் நாலு மணி நேரம்.

மலை ஏறி இறங்கித் தபால்காரர் ஒருவர் நடந்தே வந்து சேர்ந்தார். கால் முழுக்க அட்டைக்கடி. அந்தப் பக்கம் எப்படி என்றேன்.

"நேத்து காலையில எஸ்டேட் மேட்டுல நின்னேன்மா. கீழ சரிவுல யாரோ தண்டவாளம் அடிச்சாவ. விடாம அடிச்சாவ. பொறவு ஒரு பெரிய இரைச்சல். பொறவு அடிக்கல."

மறுபடி மாட்டியிருக்கிறார் அண்ணாச்சி. ஐந்து கையெழுத்து இல்லாமல்.

எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று கேட்டேன். தபால்காரர் அந்த வழியாக வரவில்லையாம். வழியே இல்லையாம்.