உங்கம்மா வூட்டோட இருந்த வாரம்

மண்ணூர்,
ஜனவரி 25, ஞாயிறு

என் அக்கா பெற்ற செல்வம் கலைமதிக்கும், மாப்பிள்ளை வனமாமலைக்கும், குட்டி ராணி நிலாவுக்கும் தாண்டவராயன் மாமா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் உங்கம்மாவும் சுகம். போனில் எங்க ரெண்டு பேர் நம்பரையும் நீ பிளாக் பண்ணி வெச்சிருக்கே. பண்ணிக்கோ. தபால்காரரை எவனாலும் பிளாக் பண்ண முடியாது. எட்டாங்கிளாஸ் படிச்ச மூளை எப்படி வேலை செய்யுது பார்த்தியா கண்ணு!

பொங்கல் முடிஞ்ச பிறகு மழைன்னா உங்க வள்ளியூர்ல யாராவது நம்புவாங்களா? இங்கே பெஞ்சுது. திங்கக்கிழமை புடிச்சு சனிக்கிழமை வரைக்கும், வானத்துல எவனோ வால்வைத் திறந்துட்டு ஷிப்ட் முடிஞ்சு போயிட்ட மாதிரி. ஏரிக்கரை ரோட்ல கம்பெனி பஸ் ஒண்ணு ஜன்னல் வரைக்கும் முழுகி நின்னுது. ஜனமெல்லாம் வேடிக்கை பார்க்குது. நான் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கினு இறங்கினேன். கயித்தை இடுப்புல சுத்தி ஒரே இழுப்பு. பஸ் கரைக்கு வந்துடுச்சு. டிரைவர் என் கையைப் புடிச்சுக்கினு விடவே இல்ல. எங்க குடோன் மேனேஜர் போன் பண்ணி, "தாண்டவராயன், கேட்ல நீ இருந்தா எனக்கு ராத்திரி தூக்கம் வருது"ன்னார்.

அது கிடக்கட்டும். விசேஷம் இன்னான்னா, உங்கம்மா ஒரு வாரம் முழுக்க வூட்டோட இருந்துச்சு. நீ பொறந்ததுக்கு அப்புறம் இதுதான் மொத தடவையா இருக்கும். ஒரகடத்துல கம்பெனிக்குள்ளயே தண்ணி பூந்துட்டதால ஷிப்ட் இல்லைன்னு மெசேஜ் வந்துச்சு. அக்கா நம்பல. விடியறதுக்கு முன்னாடி குளிச்சு, கேன்டீன் யூனிபார்மை மாட்டி, தலைக்குத் தொப்பியும் போட்டுக்கினு வாசல்ல சேர்ல உக்காந்துச்சு.

"பஸ் வராதுக்கா"ன்னேன்.

"வந்துட்டு, நான் இல்லைன்னா?"

மத்தியானம் வரைக்கும் அப்படியே யூனிபார்மோட மழையைப் பார்த்துக்கினு இருந்துச்சு.

மறுநாள் எங்க ரெண்டு பேருக்கு உப்புமா கிண்டுச்சு. எங்க லைன் வூடு அத்தனை குடித்தனமும் தின்னு, மாட்டுக்கும் வெச்சு, அப்பவும் மிச்சம். வாசனை பென்னலூர் வரைக்கும் போச்சுன்னு அங்கேருந்து ஒருத்தர் தட்டோட வந்தார்னா பார்த்துக்கோ. ஐநூறு பேருக்கு அள்ளிப் போடற கைக்கு டம்ளர் கணக்கு தெரியல.

அப்புறம் சும்மா இருந்தாப்ல இருந்து, "டேய், நிலா எவ்ளோ சோறு துண்ணும்?"ன்னுச்சு. "யாருக்குத் தெரியும்"னேன். அக்கா குடையை எடுத்துக்கினு அந்த மழையில ஸ்ரீபெரும்புதூர் போய் சின்ன சட்டி ஒண்ணு வாங்கினு வந்துச்சு. என் உள்ளங்கையில உக்காரும், அவ்ளோதான். "காக்காவுக்கா?"ன்னு சிரிச்சேன். திட்டு வுழுந்துச்சு. மிச்ச நாளெல்லாம் அந்தச் சட்டியில ஒரு பிடி அரிசி வெச்சுப் பழகிக்கினு இருந்துச்சு. ஒரு நாள் கொழைஞ்சு கஞ்சி, ஒரு நாள் வேகாம விதை விதையா நிக்கும். வடிக்கிற ஒவ்வொரு தடவையும் உன் பேரைச் சொல்லி அழுது, கண்ணீர் வாசல் வெள்ளத்தோட கலந்து ஓடுச்சு கண்ணு, என் கண்ணால பார்த்தேன்.

நிலாவுக்கு எப்போ காது குத்துறீங்க? உனக்குக் கூடப் பொறந்தவன் இல்ல. தாய்மாமன் மடின்னா அது இந்த மடிதான். மறந்துடாதே.

இப்படிக்கு,
உன் மாமா
தாண்டவராயன்
(செக்யூரிட்டி ஹெட், பொறுப்பு)


வள்ளியூர்,
ஜனவரி 30

மாமாவுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். பஸ்ஸை நீங்க இழுத்ததைப் படிச்சு இவர் விழுந்து விழுந்து சிரிச்சார். "உங்க மாமா இருந்தா டோயிங் வண்டி எதுக்கு?"ன்னு கேட்கிறார். தட்டோட வந்த பென்னலூர்க்காரரையும் நான் நம்பலை. அம்மா அழுததை நம்பவே இல்லை. எங்கப்பா செத்தப்பவே அம்மா அழலை, மூணாம் நாள் பஸ் ஏறிட்டாங்க.

ஆனா அந்தச் சின்ன சட்டி நிஜம். அதை உங்களால ஜோடிக்க முடியாது மாமா. உங்களுக்கு எல்லாமே பெருசாத்தான் வரும்.

நான் சின்னதுல சாப்பிட்டதெல்லாம் கேன்டீன் மிச்சம். சாயங்காலம் தூக்குல அம்மா கொண்டு வர்ற வரைக்கும் கதவுகிட்ட உக்காந்திருப்பேன். ருசியாத்தான் இருக்கும், குறை சொல்லலை. ஆனா எனக்குன்னு அம்மா ஒரு நாளும் உலை வெச்சது இல்லை. நிலாவுக்கு வெச்சுப் பழகறாங்கன்னு படிச்சதும் லெட்டரை மூடி வெச்சுட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் மறுபடி எடுத்தேன்.

பிப்ரவரி 22, ஞாயித்துக்கிழமை, இவங்க கோயில்ல காது குத்துறோம். உங்க மடிதான். ஆனா அம்மாவும் வரணும். அம்மா இல்லாம நீங்க மட்டும் வந்தா மடி வேண்டாம்.

ஒண்ணு சொல்லிடறேன். நிலாவோட மொதல் பொறந்தநாளுக்கு அம்மா வரலை. டெங்கு ஜுரம், ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏறுதுன்னு நீங்க போன்ல அழுதீங்க. நான் பதறிப்போய் கேன்டீனுக்கு போன் பண்ணினா, "முனியம்மாவா? பரிமாறிக்கினு கீதே"ன்னாங்க. டியூட்டின்னு சொல்லியிருந்தா நான் கோவிச்சிருப்பேன், அவ்வளவுதான். உங்களை பிளாக் பண்ணினது அதுக்கு. இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா தபாலும் வேண்டாம்.

கலைமதி


மண்ணூர்,
பிப்ரவரி 4

என் ராஜாத்திக்கு மாமா எழுதுவது.

உன் லெட்டரை அக்காவுக்கு மூணு தரம் படிச்சுக் காட்டினேன். முதல் தரம், "இன்னொரு தபா படி"ன்னுச்சு. ரெண்டாவது தரம் சட்டியைக் கழுவிக் கவுத்துச்சு. மூணாவது தரம், "ஞாயித்துக்கிழமைன்னா சனிக்கிழமை ராவே கிளம்பணும்"னுச்சு. அவ்ளோதான், நான் ஆகாசத்துல கீறேன்!

சூப்பர்வைசர்கிட்ட அக்கா ரெண்டு நாள் லீவு சொல்லிடுச்சு. அவனும் தலையாட்டிட்டான். கிளாம்பாக்கத்துல பஸ் ஏறினா விடியக்காலம் உங்க ஊர். டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி சீட்டு, நம்ம செல்வாக்கு அப்படி. பட்டுவேட்டி எடுத்தாச்சு. பக்கத்து வூட்டு தங்கமாரி உங்க வள்ளியூர்ப் பக்கத்துப் பொண்ணு, அதோட கொழந்தையை உக்கார வெச்சு மடியைப் பழக்கிக்கினு கீறேன். நேத்து வேட்டியை நனைச்சுட்டான். அதுவும் நல்ல சகுனம்னு தங்கமாரி சொல்லுது.

மழைக்கு விட்ட லீவையெல்லாம் ஞாயித்துக்கிழமையில வேலை வாங்கிக் கழிச்சுக்குவாங்கன்னு கம்பெனியில ஒரு பேச்சு ஓடுது. நீ அதுக்கெல்லாம் பயப்படாதே. அந்தக் கம்பெனி எச்.ஆர். நம்ம ஆளு. நான் ஒரு வார்த்தை சொன்னா போதும்.

அக்கா அந்தச் சட்டியையும் கொண்டு வருமாம். "அவ வூட்ல சட்டி இல்லாமலா கீது?"ன்னு கேட்டேன். "இதுல வெச்சாத்தான்டா எனக்கு அளவு வருது"ன்னுச்சு.

மடியோடு காத்திருக்கும்
தாண்டவராயன் மாமா


மண்ணூர்,
பிப்ரவரி 15

அன்புள்ள கலைமதிக்கு,

இந்த லெட்டரை உக்காந்துக்கினு படி கண்ணு. பதறாதே.

உங்கம்மா மழைக்குப் பாசி புடிச்ச படியில வழுக்கி வுழுந்துடுச்சு. வலது கால். கணுக்கால்ல எலும்பு விரிசல். நான் அப்படியே குழந்தை மாதிரி ரெண்டு கையிலயும் தூக்கிக்கினு ஓடினேன், ஆட்டோவுக்குக்கூட நிக்கல. பெரிய டாக்டர் பார்த்துட்டு, "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா கஷ்டம், யாருப்பா தூக்கினு வந்தது?"ன்னு என் தோளைத் தட்டினார். மாவுக்கட்டு போட்டிருக்கு. ஒரு மாசம் காலைக் கீழ வைக்கக் கூடாதாம்.

அதனால 22-ம் தேதி வர முடியாது. டியூட்டின்னு நினைச்சுடாதே. கம்பெனிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. கம்பெனிக்கே போகாம வூட்டோடதான் கீது. நான்தான் ஒத்தையாளா ராப்பகலாப் பார்த்துக்கறேன். அக்காவை விட்டுட்டு நானும் வர முடியாது.

கட்டுக் காலை நீட்டி உக்காந்துக்கினு, ஸ்டவ்வைக் கீழ இறக்கி வெச்சு, அந்தச் சின்ன சட்டியில ஒரு பிடி அரிசி வடிக்குது. வடிச்சு, "இவ்ளோதான் துண்ணும்னு நினைக்கிறேன்"னு என்கிட்ட காட்டுது. பார்க்க சகிக்கல கண்ணு.

நீங்க விசேஷத்தை நல்லபடியா நடத்துங்க. மாமா மனசால மடியைக் கொடுத்ததா நினைச்சுக்கோ.

தாண்டவராயன்


வள்ளியூர்,
பிப்ரவரி 24

மாமாவுக்கு,

விசேஷத்தை நாங்க நடத்தலை. கூப்பிட்டவங்க எல்லார்கிட்டயும் இவர் போய், அத்தைக்குக் காலு ஒடிஞ்சிருக்குன்னு சொல்லி நிறுத்திட்டார். சனிக்கிழமை ராத்திரி நிலாவைத் தூக்கிட்டு பஸ் ஏறினோம். போன் பண்ணலை. பண்ணியிருந்தா, எதுக்கு வர்றேன்னு அம்மா சண்டை போடுவாங்கன்னு நினைச்சேன்.

உங்க லெட்டரைப் பாதி நம்பலை. நீங்க ரெண்டு கையில தூக்கிட்டு ஓடினதையும் டாக்டர் தட்டினதையும் நம்பலை. சட்டியைப் படிச்சதும் நம்பிட்டேன். அம்மா ஒரு மாசம் வீட்ல இருப்பாங்க, ஸ்கூல் விட்டு ஓடுற மாதிரி ஓடணும்னு தோணிச்சு. கால் ஒடிஞ்சதுக்குச் சந்தோஷப்பட்ட மகள் நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

அம்மா வீட்டுக் கதவு பூட்டியிருந்துச்சு. அதே லைன்ல இருக்கற உங்க வீடும் பூட்டியிருந்துச்சு. தங்கமாரி அக்கா வந்து, "அவிய டூட்டிக்குப் போயாச்சுல்லா. மழைக்கு லீவு விட்டதுக்கு இப்ப ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம போகணுமாம்லா. ஒங்க மாமனுக்கும் டூட்டிதான்"ன்னாங்க. காலு எப்படி இருக்குன்னு கேட்டேன். "எந்தக் காலு?"ன்னாங்க.

நிலா பூட்டைப் பிடிச்சு ஆட்டிட்டு, "ஆச்சி உள்ள இல்லியா?"ன்னு கேட்டா. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். அலமாரியில அந்தச் சட்டி கவுத்து வெச்சிருந்துச்சு. அதுதான் எனக்குத் தாங்கலை மாமா. அதுவும் பொய்யா இருந்திருந்தா ஒரேயடியா திட்டிட்டுப் போயிருப்பேன்.

சாயங்காலம் வந்துடுவாங்க, இருங்கன்னு தங்கமாரி அக்கா சொன்னாங்க. இருந்திருக்கலாம். அந்தக் கதவுகிட்ட நான் உக்காந்து காத்திருந்தது போதும். என் பொண்ணையும் அங்க உக்கார வைக்க மனசு வரலை. காபி குடிச்சுட்டுத் திரும்பிட்டோம்.

வர்ற ஞாயித்துக்கிழமை காது குத்துறோம். இவரோட சிநேகிதர் நம்பிராஜன் அண்ணன் மடியில. நீங்க வர வேண்டாம். இனிமே எழுதவும் வேண்டாம்.

கலைமதி


மண்ணூர்,
மார்ச் 1, ஞாயிறு

கலைமதிக்கு,

எழுத வேண்டாம்னு சொன்னே. இது ஒண்ணு மட்டும்.

இந்நேரம் நிலாவுக்குக் காது குத்தியிருப்பீங்க. அழுதிருக்கும். வெந்நீர் படாம பார்த்துக்கோ.

பஸ்ஸை நான் இழுக்கல. டிராக்டர் வந்து இழுத்துச்சு. நான் குடை புடிச்சுக்கினு நின்னேன். பென்னலூர்லேருந்து யாரும் வரல. எச்.ஆரை எனக்குத் தெரியாது. நான் செக்யூரிட்டி ஹெட்டும் இல்ல.

22-ம் தேதி ஞாயித்துக்கிழமை வேலைநாள்னு நோட்டீஸ் ஒட்டினாங்க. அக்கா போய்க் கேட்டுச்சு. முதல்ல தலையாட்டின அந்த சூப்பர்வைசரே, "வரலைன்னா கார்டைக் குடுத்துட்டுப் போ, கான்ட்ராக்ட்ல வேற ஆள் காத்துக்கினு கீது"ன்னான். அன்னிக்கு ராத்திரி அக்கா என்கிட்ட, "டியூட்டின்னே எழுதுடா. அவ திட்டட்டும். திட்டினாலும் அது அவ அம்மாவைத் திட்டறதுதானே"ன்னு சொல்லுச்சு. நான்தான் காலை ஒடிச்சேன். டியூட்டின்னு படிச்சா நீ மறுபடி மூடிக்குவேன்னு பயம். நீ சட்டியை நம்பறேன்னு எழுதியிருந்தே. அதனால அதையும் உள்ள வெச்சேன்.

நீங்க வந்துட்டுப் போனதை அன்னிக்குச் சாயங்காலம் தங்கமாரி சொல்லுச்சு. அக்கா யூனிபார்மை மாத்தல. சட்டியை எடுத்து ஒரு பிடி அரிசி போட்டு வடிச்சு மூடி வெச்சுது. யாரும் சாப்பிடல. அப்புறம் உன் லெட்டர் வந்து, அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுச்சு. ஒரே தரம்தான். அதுலேருந்து என்கிட்ட பேச்சு இல்ல.

இன்னிக்கும் ஞாயித்துக்கிழமை டியூட்டிதான். போயிட்டு வந்து, "எழுது, நான் சொல்றதை மட்டும் எழுது"ன்னுச்சு. கீழே இருக்கறது அக்கா சொன்னது. இதுல நான் ஒண்ணும் சேர்க்கல.

கலை. எனக்குக் கால் நல்லா கீது. டியூட்டிக்குத்தான் போனேன். போகாம இருந்திருக்கலாம். போயிட்டேன். நீ சின்னதுல எவ்ளோ துண்ணுவேன்னு இப்போ நினைச்சுப் பார்த்தா எனக்குத் தெரியல. தூக்கைக் குடுப்பேன், காலியா திரும்பி வரும், அவ்ளோதான் தெரியும். சின்ன சட்டியில ஒரு பிடி அரிசிக்கு முக்கால் டம்ளர் தண்ணி. இப்போ கொழையறது இல்ல. இனிமே நான் வெளியே போனா பூட்டு சாவியை தங்கமாரிகிட்ட குடுத்துட்டுத்தான் போவேன்.

முனியம்மாள் சொல்ல
எழுதியது தாண்டவராயன்