கையால் எழுதிய வழி

மார்ச் 4

அன்புள்ள நெட்டைக்கு,

நலமா? போனில் பேசினால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் உங்கள் கிளைக்குப் போகும் உதிரிப் பாகப் பெட்டியில் இதை வைக்கிறேன்.

உனக்குக் காய்ச்சல் வந்தது கண்ணாடிக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாற்றலாகிப் போகும்முன் என் பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "உங்களுக்குத் தெரியாதா? நேத்து என்கிட்ட அரை மணி நேரம் பேசினாங்களே" என்கிறாள். அவள் அப்பாவும் எஞ்சினியர். மேலாளர் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்காருகிறாள். என் அப்பாவுக்கு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதையே இன்னும் புரியவைக்க முடியவில்லை.

கல்லூரியில் நான்கு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டோம். பரவாயில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
ஊமைக்கோட்டான்


மார்ச் 11

என் ஊமைக்கோட்டானே,

கோபமாடி? நான் கூப்பிட்டால் நீ "ம்" கொட்டுகிறாய், அவள் பேசுகிறாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கூத்தைக் கேள்விப்பட்டிருப்பாய். பழைய லைன் நடுவழியில் அறுந்துபோய், உங்கள் ரூட்டரில் மட்டும் லைன் சரியாக இருப்பதுபோல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புது லைன் வழியாக வரலாம் என்று பக்கத்து ரூட்டர்கள் சொல்லிக்கொண்டே இருந்தும் உங்கள் ரூட்டர் காதில் வாங்கவில்லை. யாரோ பழைய லைன் வழியை அதற்குள் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். கையால் எழுதியதற்கு எண் ஒன்று, பக்கத்து ரூட்டர் சொன்னதற்கு நூற்றுப்பத்து. எண் சின்னதாக இருந்தால் நம்பிக்கை அதிகம். சொன்ன வழி ஊர் போய்ச் சேருமா என்று அது பார்ப்பதில்லை, யார் சொன்னது என்றுதான் பார்க்கும். காலை முழுக்க எங்கள் கிளையில் வேலை நின்றது. கண்ணாடிக்காரிதான் தனக்கு விடுமுறையென்றும் பார்க்காமல் அங்கே வந்து, அந்த வரியைக் கண்டுபிடித்து அழித்தாள்.

நெட்டை


மார்ச் 18

அன்புள்ள நெட்டைக்கு,

அந்த வரியை எழுதியது யார் என்று மேலாளர் விசாரித்தார். கண்டுபிடித்தவளே எழுதியிருப்பாள், இல்லாவிட்டால் அத்தனை சீக்கிரம் எப்படிக் கண்டுபிடிப்பாள் என்றேன். "நீ வாயத் திறக்கறதே அதிசயம். நீ சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றார். அவளைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது.

இனி உன் சேதியை நீயே எனக்கு எழுதுவாய் அல்லவா?

உன்
ஊமைக்கோட்டான்


மார்ச் 25

ரூட்டரின் பதிவேட்டைப் பார்த்தேன். ஜனவரி 9, பிற்பகல் மூன்று இருபது. புது லைனைச் சோதித்த அன்று பழைய வழியை எழுதியவர் பெயர் உன்னுடையது. அழிக்க மறந்திருக்கிறாய். அதற்காக யாரும் உன்னைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள்.

அவள் இதை அந்த ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிட்டாள். என்னிடம்கூட உன் பெயரைச் சொல்லவில்லை. நேற்று நானாகக் கேட்டதற்கு, "விடுங்க, பாவம், அவங்க பயந்துடுவாங்க" என்றாள்.

இனி எனக்கு எழுதாதே.


ஏப்ரல் 1

அன்புள்ள நெட்டைக்கு,

நீ வேண்டாம் என்றும் எழுதுகிறேன். மேலாளர் கேட்ட அந்த நிமிடமே எனக்கு ஜனவரி ஞாபகம் வந்துவிட்டது. தெரிந்தேதான் சொன்னேன். அரை மணி நேரம் நீங்கள் இருவரும் என்னதான் பேசியிருப்பீர்கள் என்பதே அப்போதும் மனதில் ஓடியது.

இன்று அவரிடம் போய், "நான்தான் சார் எழுதினேன்" என்றேன். சிரித்தார். "அவளுக்காகப் பழிய நீ ஏத்துக்கறியா? இவ்வளவு நல்ல பொண்ணா இருந்தா பொழைக்க மாட்டம்மா" என்றார். மறுபடியும் சொன்னேன். "போ, போய் வேலையப் பாரு" என்றார்.

பதிவேட்டை அச்செடுத்து, என் பெயருக்கு அடியில் கோடு போட்டு, அவர் மேசையில் வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். அவர் இரண்டாம் தடவை படிக்கிறார். இப்போது தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறார், புதிதாக யாரோ வந்து உட்கார்ந்திருப்பதைப் போல.

அவளிடம் சொல்லக் கிடங்குக்குப் போக வேண்டும். வாய் வருமா, தெரியாது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது கைக்கு வந்ததும் அவளுக்குப் போன் பண்ணிவிடாதே. அவள் உன்னிடமிருந்து தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஊமைக்கோட்டான்