நான்கு பேர் ஆடும் ஆட்டம்

பிரிக்பீல்ட்ஸ்
நவம்பர் 1994

வாணியின் அப்பாவுக்கு,

பள்ளி விடுமுறைக்கு வாணியைப் பந்திங்கில் இருக்கும் உங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி எழுதியிருந்தீர்கள். அவள் உயிரை விடும் அந்தக் குதித்தோடும் வீடியோ கேமின் ஐந்தாம் பாகம் டிசம்பரில் வருகிறதாம், இந்த முறை நான்கு பேர் சேர்ந்து ஆடலாமாம். “இங்க நாங்க மூணு பேரு, வாணியும் வந்தா சரியா இருக்கும்” என்கிறீர்கள்.

மற்ற இரண்டு பேர் யார் என்று வாணி கேட்டாள். அதை நீங்களே அவளிடம் சொல்லுங்கள். ஆனால் அவள் அங்கே வரமாட்டாள்.

நாலாம் பாகத்தை நீங்கள் அவளோடு ஆடியது எனக்கு மறக்கவில்லை. நீங்கள் முன்னால் ஓடுவீர்கள், திரையும் உங்களோடு நகரும். ஆட்டத்தில் பின்தங்கியவள் திரையின் ஓரத்தில் மாட்டிச் சாவாள். “வேகமா வா லா” என்பீர்கள், திரும்பிப் பார்க்காமல்.

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகு உங்கள் கண்ட்ரோலரை நான் எடுத்தேன். முதல் நாள் நானும் தெரியாமல் முன்னால் ஓடிவிட்டேன். “ம்மா, நீங்களாச்சும் நில்லுங்க” என்றாள். நின்றேன். இப்போது ஒவ்வொரு பள்ளத்தையும் தாண்டியதும் அவளுக்காக நிற்கிறேன். கட்டைவிரல் காய்த்துப்போனது, ஆனால் நாலாம் பாகத்தை இருவரும் முடித்துவிட்டோம்.

ஐந்தாம் பாகத்தை நானே வாங்குகிறேன். பக்கத்து வீட்டு மார்க்கிரட்டும் அவள் தங்கையும் இப்போதே இடம் பிடித்துவிட்டார்கள். இங்கேயும் நாலு பேர் ஆயிற்று.

வேண்டுமானால் வாருங்கள். எங்களுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். பின்னால் வருபவளுக்காக எப்படி நிற்பது என்று உட்கார்ந்து பாருங்கள்.

இப்படிக்கு,
வாணியின் அம்மா