மஞ்சள் பட்ட வெள்ளைக் கோட்டு

அன்பு மகள் சினேகாவுக்கு, உன் நைனா ராமதாஸ் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் அண்ணன் வீட்டாரும் நலம், கடலும் நலம். மஸ்கட்டில் நீ நலமாக இருக்க வேண்டும், உன் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களும் சீக்கிரம் எழுந்து வீடு போக வேண்டும். போனில் சொன்னால் ஆகாதா என்று உன் அம்மா கேட்கிறாள். நைனா கையால் ஒரு கடிதம் வராதா என்று நீ கேட்டதற்காகத்தானே பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் பெனிஷா டீச்சரின் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். மெதுவாகத்தான் வருகிறது, பக்கத்தில் வைத்த டீ ஆறிவிட்டது, பரவாயில்லை.

சேதி இதுதான் கண்ணு. உன் அண்ணி சிவந்திக்கு மீஞ்சூரில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் இடத்தில், சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது. நாம் உப்புத் தண்ணீரில் பிழைத்தோம், அவள் அதிலிருந்து உப்பைப் பிரிக்கப் போகிறாள். போட்டுக்கொண்டு போக வெள்ளைக் கோட்டு ஒன்றே ஒன்று இருந்தது. திங்கட்கிழமை முதல் நாள், கோட்டில் கறை இருந்தால் உள்ளே விடமாட்டோம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். ஞாயிறு காலையில் அவள் அதை அலசி வைக்க, உன் அம்மா எடுத்துப்போய் நம் குப்பத்து வழக்கப்படி கரையில் நின்ற படகின் மேல் விரித்துவிட்டாள். அன்று விடியலில்தான் உன் அண்ணன் திருமுருகன் புது இன்ஜினுக்குப் பூசை போட்டுப் படகின் முகப்பு முழுக்க மஞ்சளை அப்பியிருந்தான். காய்ந்துவிட்டது என்று நினைத்தாளாம்.

எடுத்துப் பார்த்தால் கோட்டின் மார்பில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். சிவந்தி பதறிப்போய் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், மஞ்சள் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. அத்தே, ரத்தமாட்டம் ஆயிடுச்சே, நாளைக்கு இன்னாத்த போட்டுகினு போவேன் என்று அழுதாள். உன் அம்மா உள்ளே ஓடி ஒரு நீல பாட்டிலை எடுத்துவந்து மூடியைத் திருகினாள். துணி வெளுக்கிற மருந்தும் நீல பாட்டில்தானே. இரு இரு, எழுத்து போட்டுகீது, படிச்சிட்டு ஊத்து என்றேன். யோவ் பெருசு, பரீட்சையா எழுதப் போறே, கோட்டு பூடும்யா என்று கத்தினாள். நான் விடவில்லை. விரலை வைத்து நகர்த்தி நகர்த்தி, கழிப்பறை சுத்தம் செய்ய மட்டும் என்று முழுசாக வாசித்துவிட்டேன். ஊற்றியிருந்தால் கோட்டு பொசுங்கியிருக்கும். அழுதுகொண்டிருந்த சிவந்தி சிரித்துவிட்டாள். உன் அம்மா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சரி, கறைய போக்கறதுக்கு உன் டீச்சர் இன்னா சொல்லிக்குடுத்தாங்க என்று கேட்டாள்.

வழியை அவளேதான் கண்டுபிடித்தாள். ஆடி மாசம் அம்மனுக்குக் கட்டும் மஞ்சள் புடவையை வெயிலில் போட்டால் வெளுத்துவிடும் என்று நிழலில்தானே காயப்போடுவாள். அதை நினைத்துக்கொண்டு சட்டென்று எழுந்தவள், அப்போ இத வெயில்ல போடுய்யா என்றாள். எலுமிச்சம்பழம் பிழிந்து அலசியதும் சிவப்பு பழையபடி மஞ்சளானது. ஈரத்தோடு கொடியில் மாட்டி, வெயில் போகிற பக்கமெல்லாம் நானே திருப்பினேன். வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள், இன்னா மாமு, கோட்டுக்கு வாட்ச்மேனா, சம்பளம் எவ்ளோ என்று ஓட்டினார்கள். காயக் காய நனைத்துப் போட்டேன். பொழுது சாய்வதற்குள் மஞ்சள் வெளிறி வெளிறிக் காணாமலே போய்விட்டது.

மறுநாள் சிவந்தி கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி ரயிலில் போனாள். சாயங்காலம் வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருமுனையிலிருந்தே, உள்ள வுட்டாங்க மாமா, கோட்டு பளிச்சுனு கீதேன்னு எங்க சோதனைக்கூடத்து மேடமே சொன்னாங்க என்று கத்திக்கொண்டு வந்தாள். பாக்கெட்டின் உள்பக்கம் மட்டும் துளி மஞ்சள் தங்கியிருந்தது. அதையும் வெயிலில் போடவா என்று உன் அம்மா கேட்டாள். வாணாம் அத்தே, படகுக்குப் போட்ட பூசை எனக்கும் சேத்துதான், அது கெடக்கட்டும் என்றாள் சிவந்தி.

உன் வெள்ளை உடுப்பில் சாம்பார் கொட்டிவிட்டது என்று சலித்துக்கொண்டாயே, அங்கே வெயிலுக்கா பஞ்சம், எலுமிச்சை பிழிந்து அலசி மாடியில் போடு. எந்த பாட்டிலானாலும் நிறத்தைப் பார்த்து எடுக்காதே, எழுத்தைப் படி. இதை உனக்கு நான் சொல்கிறேன் பார்! நேரத்துக்குச் சாப்பிடு. நீ எடுத்து வைக்கிற அடியெல்லாம் நல்லதாக அமையட்டும். பதிலைப் போனில் சொல்லிவிடாதே, கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதிப் போடு. படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டாம், உன் அம்மாவுக்கு நானே படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
உன் நைனா ராமதாஸ்,
திருவொற்றியூர் குப்பம்.