நான் சாட்சி சொன்ன முழங்கால்

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் எங்கள் பெண்கள் அணியோடு பயிற்சி. மாலையில் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு நான் பயிற்சி கொடுக்க வேண்டும். முப்பத்தாறு வயசில் ஒரே நாளில் இரண்டையும் பார்த்தால் இடுப்பு தனியாகப் பேச ஆரம்பித்துவிடுகிறது. வாலிபால் ஆட இந்த நாட்டுக்கு வந்து பதினோரு வருடம். ஆட வந்தவள் கோச் ஆனேன். கோச் ஆனவள் பிள்ளைகளோடு ஜெபிக்கிறவளும் ஆனேன். எல்லாம் ஆண்டவர் நடத்தியது.

பயிற்சிக்கு முன் விருப்பம் உள்ளவர்கள் வட்டமாக மண்டியிடுவோம். கட்டாயம் இல்லை. இன்று கொக்கு ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னடி, மகாராணி மாதிரி கால நீட்டிக்கிட்டு ஜெபமா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து, காலை மெல்ல மடக்கி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். நல்ல பிள்ளை. பதினேழு வயசு, ஆறடிக்கு இரண்டு விரல் குறைவு. அந்தக் கால்களுக்காகத் தோழிகள் வைத்த பெயர்தான் கொக்கு. மார்ச் 8 அன்று விளையாட்டுக் கல்லூரித் தேர்வு. அவளை எடுக்காவிட்டால் அவர்களுக்குக் கண் இல்லை என்று அர்த்தம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பக்கத்து ஊர்ச் சபையில் சாட்சி. இதோடு மூன்றாவது மேடை.

ஜனவரியில் கொக்கின் முழங்கால் திருகிக்கொண்டதும், நான் ஹாலிலேயே அதன்மேல் கைவைத்து ஜெபித்ததும், "வலி போயிடுச்சாடி?" என்று கேட்டதும், "போயிடுச்சு அக்கா" என்று அவள் எழுந்து நடந்ததும் — இதைத்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல ஜனங்கள் கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொன்னார்கள். கொக்கையும் கூட்டிப் போயிருந்தேன். அவள் அம்மா சபைக்கு வராதவர். அவள் மட்டும் என்னோடு வருவாள். மேடையில் நிற்க வைத்து, "ஒரு குதி குதிச்சுக் காட்டுடி" என்றேன். குதித்தாள். கூரை பிய்ந்துபோகிற மாதிரி கைதட்டல்.

திரும்பி வரும்போது என் வீட்டுக்காரர் காரை ஓட்டிக்கொண்டே, "அன்னைக்கு அரை மணி நேரம் ஐஸ் வச்சேன்னு எங்கிட்ட சொன்ன. இப்ப 'அந்த நொடியே'ன்னு சொல்ற" என்றார்.

"ஐஸையும் அவர்தான் படைச்சாரு."

"உனக்கு மைக் கெடச்சா போதும்."

மூன்று நாள் இவரோடு பேசக் கூடாது என்று முடிவு செய்தேன். சாப்பாட்டு நேரத்தில் மறந்துபோய்ப் பேசிவிட்டேன்.

பிப்ரவரி 15, சனி

கொக்கு விழுந்துவிட்டாள். யாரும் இடிக்கவில்லை. ஸ்மாஷ் அடித்துவிட்டு இறங்கினாள், காலுக்குள் ஏதோ அறுந்த சத்தம் — பென்ச்சில் இருந்த எனக்கே கேட்டது.

நாளைக்கு எழுதுகிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. பதினோரு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

எதிலிருந்து ஆரம்பிப்பது? நேற்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் முழங்கால் உறையைக் கழற்றினார். அடியில் பிளாஸ்திரி. அதைப் பிரித்தால் அடியில் இன்னொரு சுற்று. உள்ளே தோல் வெந்தது மாதிரி இருந்தது. அவள் பையில் வலி மாத்திரை அட்டைகள், எல்லாம் காலி. அவள் அம்மா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, "எத்தனை நாளாடி?" என்று கேட்டார். கொக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்று காலை டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். ஜவ்வு நேற்று முழுசாக அறுந்திருக்கிறது. ஆனால் ஜனவரியிலேயே அது பாதி கிழிந்திருந்ததாம். கிழிந்த காலை வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஆறு வாரம் குதித்திருக்கிறாள், உள்ளே குருத்தெலும்பும் சிதைந்துவிட்டது. ஆபரேஷன் செய்ய வேண்டும். மறுபடி ஆட ஒரு வருடம் ஆகலாம், ஆட முடியாமலும் போகலாம். "இவளை யார் ஆட விட்டது?" என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

டாக்டர் போனதும், "ஏன்டி சொல்லல?" என்றேன். கேட்டேன் என்பதைவிடக் கத்தினேன் என்பதுதான் சரி.

கொக்கு என்னையே பார்த்தாள். "நீங்க சபையில சொல்லிட்டீங்களே அக்கா. வலிக்குதுன்னு நான் சொன்னா, நீங்க பொய் சொன்ன மாதிரி ஆயிடுமே."

"மொதல்ல நெஜமாவே கொறஞ்சுது. மறுநாள் திரும்ப வந்துடுச்சு. எனக்குத்தான் விசுவாசம் பத்தலன்னு நெனச்சேன்" என்றாள்.

அவள் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

குதிச்சுக் காட்டுன்னு சொன்னேனே. கிழிஞ்ச கால வச்சுக்கிட்டு குதிச்சாளே. நான்தானே சொன்னேன் — நான்தானே.

பிப்ரவரி 18, செவ்வாய்

கல்லூரித் தேர்வு போய்விடுமே என்றுதான் மறைத்திருப்பாள், என்னால் அல்ல — காலையில் பல் தேய்க்கும்போது மனசு இப்படி ஓடியது. சீ. புத்தி போகிற போக்கைப் பார்.

"வலி போயிடுச்சாடி?" பன்னிரண்டு பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது, அணியில் யார் ஆடுவது என்று முடிவு செய்கிறவளே இப்படிக் கேட்டால், எந்தப் பிள்ளை இல்லை என்று சொல்லும்? நான் கேள்வி கேட்கவில்லை. பதிலைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டச் சொன்னேன்.

ஜெபிக்க உட்கார்ந்தேன். வாய் வரவில்லை. எழுந்து துணி மடித்தேன்.

பிப்ரவரி 19, புதன்

இதைவிட மோசமாக ஒன்றும் நடக்காது என்று நினைத்திருந்தேன்.

கிளப்பில் காயப் பதிவேடு உண்டு. யாருக்கு அடிபட்டாலும் கோச் அதில் எழுத வேண்டும். பிசியோதெரபிஸ்ட் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்தப் பிள்ளை கோர்ட்டில் இறங்கலாம். இன்று அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டு அதை விரித்து வைத்தார். ஜனவரி 6. கொக்கின் பெயர். வலது முழங்கால். 'சிகிச்சை' என்ற கட்டத்தில், சுத்தமான தமிழில், என் கையெழுத்து: கர்த்தர் சுகமாக்கினார்.

எழுதியதையே மறந்திருந்தேன்.

அவருக்குத் தமிழ் தெரியாது. உங்கள் ஊர் வைத்தியர் யாரிடமோ காட்டியிருக்கிறீர்கள், இது அவர் பெயராக இருக்கும் என்று நினைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன் என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று மரியாதையாகக் கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். இரண்டே சொல். மூன்று மேடைகளில் கத்திச் சொன்னதுதான். அந்தச் சின்ன அறையில், ஐஸ் பைகளுக்கும் எடைக்கருவிக்கும் நடுவில், அதை முணுமுணுத்தேன்.

அவர் கோபப்படவில்லை. நானும் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லிப் பதிவேட்டை மூடினார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். விசாரணை முடியும்வரை நான் பயிற்சி கொடுக்கக் கூடாது.

கர்த்தருடைய நாமத்துக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்றுதான் எழுதினேன். அப்படியென்றால் அந்த அறையில் ஒருவருக்கும் புரியாத மொழியில் ஏன் எழுதினேன்? யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்றுதானே?

பிப்ரவரி 20, வியாழன்

போதகர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். நாங்கள் இந்த ஊருக்கு வந்த புதிதில் தன் வீட்டு மெத்தையைச் சுமந்து வந்து கொடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, என் சாட்சி உண்மை இல்லை என்று சொல்லப்போகிறேன் என்றேன்.

"ஆண்டவர் சுகம் குடுத்தாரும்மா. சத்துரு திருடிட்டான். அவ்ளோதான்."

"ஐயா, ஜனவரியிலயே கிழிஞ்சிருக்குன்னு ஸ்கேன்ல தெரியுது."

"நீ எழுந்து இல்லன்னு சொன்னா புதுசா வந்தவங்க இடறிப் போவாங்கம்மா. சபைய நெனச்சுப் பாரு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் புள்ளையோட அம்மாவுக்கு விசுவாசம் இல்ல. அதுவும் ஒரு தடைதானே?" என்றார்.

பாவம், அவர் யோசித்துச் சொன்ன மாதிரிகூடத் தெரியவில்லை. வழக்கமாகச் சொல்கிற வார்த்தை, வந்துவிட்டது. நானும் எத்தனை வீடுகளில் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர், "டீ ஆறுதுங்கய்யா" என்றார். இவர் இவ்வளவு கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை.

பிப்ரவரி 22, சனி

கொக்கின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். மன்னிப்புக் கேட்டேன்.

"எம் பொண்ண மேடையில நிக்க வச்சீங்க. அவள ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றார். சத்தம் போடவில்லை. "நீங்க கும்பிடறத நான் என்னைக்கும் ஒண்ணும் சொன்னதில்ல. நல்ல எடத்துலதான் இருக்கான்னு அனுப்பினேன். வலிக்குதான்னு கேக்கறதுக்கு எந்த சாமியும் வேணாமே."

கதவை மெதுவாகத்தான் சாத்தினார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மேல் மாடிக்காரர் மூட்டையோடு வந்து, நான் நகரும்வரை பொறுமையாக நின்றார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சாட்சி நேரத்தில் எழுந்தேன். போதகர் மைக்கைக் கொடுக்கவில்லை, பிடுங்கவும் இல்லை. மேஜைமேல் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மைக் இல்லாமலே பேசினேன். கொக்கின் கால் சுகமாகவில்லை. ஐஸ் வைத்ததை உங்களிடம் மறைத்தேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கொஞ்சம் கூட்டினேன். அவளுக்கு வலித்துக்கொண்டே இருந்தது, என் பெயரைக் காப்பாற்ற அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். பிள்ளைமேல் குறை இல்லை, அவள் அம்மாமேல் குறை இல்லை. ஆண்டவர் சுகம் தருகிறவர் என்று இன்னும் நம்புகிறேன். அவர் செய்யாததைச் செய்தார் என்று சொன்னது நான்.

முன்வரிசைப் பெரியவர் பழக்கதோஷத்தில் "ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்து பாதியில் விழுங்கினார். இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள்.

முடிந்து வெளியே வந்தபோது தையல்கார அக்கா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். முகம் வெளுத்திருந்தது. "அப்ப நான் மாத்திர போடணுமா?"

"என்ன மாத்திரைக்கா?"

"சுகர் மாத்திர. நீ சாட்சி சொன்ன அன்னைக்கு நிறுத்தினேன். ஒரு மாசம் ஆச்சு. தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கேன், தாகம் அடங்கல."

அப்படியே காரில் ஏற்றி அவசரப் பிரிவுக்குக் கொண்டு போனோம். சர்க்கரை நானூற்றைத் தாண்டியிருந்தது. உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் என்று நர்ஸ் ஏதோ சொல்ல வந்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பிப்ரவரி 24, திங்கள்

இன்னும் எத்தனை பேர்? அந்த மூன்று மேடைகளிலும் கேட்டவர்களில் — எத்தனை பேர்?

பிப்ரவரி 27, வியாழன்

மற்ற இரண்டு சபைகளுக்கும் போன் செய்தேன். ஒருவர் நன்றி சொன்னார். இன்னொருவர் நான் விசுவாசத்திலிருந்து பின்வாங்கிப் போய்விட்டேன் என்று எனக்காக ஜெபிப்பதாகச் சொன்னார். ஜெபியுங்கள், ஆனால் ஜனங்களிடமும் சொல்லிவிடுங்கள் என்றேன். வாய்க்கொழுப்பு மட்டும் இன்னும் குறையவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

பிரசங்கத்தின் நடுவில் போதகர் நிறுத்தி, டாக்டரைக் கேட்காமல் யாரும் மருந்தை நிறுத்தக் கூடாது என்றார். இரண்டு தடவை சொன்னார். என் பக்கம் பார்க்கவில்லை. பரவாயில்லை. தையல்கார அக்கா வீடு திரும்பிவிட்டார்.

மார்ச் 4, செவ்வாய்

கிளப்பின் முடிவு வந்தது. இந்த வருடம் முழுக்க நான் பயிற்சி கொடுக்கக் கூடாது. எங்கள் அணிக்கு ஆடலாம். நியாயம்தான். ஆனாலும் அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கொக்கிற்கு நேற்று ஆபரேஷன் முடிந்ததாம், பிசியோதெரபிஸ்ட் சொன்னார்.

மார்ச் 8, சனி

ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை வரிசையாக எழுதினால்தான் நெஞ்சு அடங்கும்.

காலையில் கொக்கின் அம்மா போன் செய்தார். "அவ உங்கள பாக்கணுங்கறா. வாங்க." அவ்வளவுதான். இன்று அவளுடைய தேர்வு நாள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

என் வீட்டுக்காரரோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கொக்கு கட்டிலில் இருந்தாள், போர்வை இடுப்புவரை. முகம் சின்னதாகிவிட்டது. "ஜெபம் பண்ணுங்க அக்கா" என்றாள். நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். "அவதானே கேக்கறா" என்று சொல்லி, எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

காலில் கைவைக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சுகம் தரச் சொல்லிக் கேட்டேன். தந்துவிட்டார் என்று சொல்லவில்லை. நாலே வரி. ஆமென்.

அடுத்ததைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. கேட்டேன். "வலிக்குதாடி?"

அவள் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வலிக்குது அக்கா. முட்டியில இல்ல, பின்னாடி கெண்டைக்கால்ல. நேத்துலேர்ந்து. சும்மா படுத்திருந்தாலும் இழுத்துப் பிடிக்குது."

"எங்கிட்ட சொல்லவே இல்லையேடி!" என்று அவள் அம்மா போர்வையை விலக்கினார். கெண்டைக்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. தொட்டேன், சுட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். காலை அமுக்காதீர்கள், உடனே கொண்டு வாருங்கள் என்றார்கள். என் வீட்டுக்காரர் வண்டியை வாசலுக்கே கொண்டுவந்தார். நாங்கள் மூன்று பேரும் அவளைத் தூக்கினோம்.

ரத்தக்கட்டியாம். ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு வருமாம். நெஞ்சுக்கு ஏறியிருந்தால் உயிருக்கே ஆபத்து. நேரத்தோடு வந்தீர்கள், மருந்து ஏற்றியாகிவிட்டது, இனி பயமில்லை என்றார் டாக்டர். அவள் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடித்திருக்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

டாக்டர் படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டே, முதலில் கவனித்தது யார், நீங்களா என்று என்னைக் கேட்டார்.

"நான் இல்லை. அவள்தான் சொன்னாள்" என்றேன்.