நேப்பிள்ஸுக்கு நான் மட்டும் போகிறேன், அக்கா

என் கூடப்பிறந்த அக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்தில் வெயில் இல்லாமல் இருக்கட்டும். இங்கன புரட்டாசி முடியப்போகிறது, இன்னும் காந்தல் அடங்கவில்லை. பட்டாசு சீசன் உச்சத்தில் நிற்கிறது. நாரணாபுரம் ரோட்டில் லோடு வண்டிகள் ஒன்றன் பின்னால் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கின்றன. நான் அச்சாபீசில் காலண்டர் தாளுக்கு மேலே தகரப்பட்டி அடிக்கிற வேலையில்தான் இன்னும் இருக்கிறேன். நீ போன பிறகு பட்டாசுப் பக்கம் நான் போகவில்லை. உனக்குத் தெரியாதா என்ன?

உன் மகள் மாரி மேல்படிப்பை முடித்துவிட்டாள் அக்கா. நீ போகும்போது ரெட்டைச் சடையோடு ஒன்பதாம் வகுப்பில் இருந்தவள். இப்போது இத்தாலியில் நேப்பிள்ஸ் என்று ஒரு ஊரில் இருக்கிறாள். ரொம்பப் பழைய ஊராம். நம்ம தெருவை விடக் குறுகலான சந்துகள், ரெண்டு பக்கமும் ஐந்து மாடி, ஆறு மாடி, குறுக்கே கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கிறார்கள். ஊருக்குப் பக்கத்திலேயே கடல். கடலுக்கு அந்தாண்டை ஒரு மலை.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் முகத்தைக் காட்டிப் பேசியவள், பட்டம் வாங்குகிற அன்றைக்கு அப்பாவும் சித்தியும் வந்தே ஆகணும் என்று சொல்லிவிட்டாள். அத்தான் சிரித்தார். மதுரை ஏர்போர்ட்டை வெளியே நின்றுகூடப் பார்க்காத ஆள். ஆனாலும் மறுவாரமே பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்களுக்கு அதே பேச்சுத்தான். முதல் நாள் கடற்கரை, கோட்டை. அடுத்த நாள் பாம்பெய். அந்த மலை ஒரு காலத்தில் வெடித்தபோது சாம்பலுக்குள் புதைந்துபோன ஊராம் அது. ரொட்டி சுட்ட அடுப்புகூட அப்படியே இருக்கிறதாம். நான் மதுரையில் ஸ்வெட்டர் வாங்கினேன். அத்தானுக்கு ஒரு ஷூ. அதைப் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குள்ளேயே நடந்து பழகினார்.

ஒருநாள் மாரி ஜன்னல் வழியாக அந்த மலையைக் காட்டினாள். வெசுவியஸ் என்று பெயர். அத்தான் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது இப்பவும் உசுரோட இருக்காம்மா?"

"தூங்குதுப்பா. எப்ப முழிக்கும்னு யாருக்கும் தெரியாது."

"அப்ப ஏன் அம்புட்டு சனமும் அதுக்குக் கீழயே குடியிருக்கு?"

"நாம ஏம்ப்பா அங்கன குடியிருக்கோம்?"

அத்தான் போனை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

இன்னொரு நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் தலைக்கு மேலே விளக்கு ஆடியது. நான் பதறிப்போனேன். அவள் அசையவில்லை. இங்கே அடிக்கடி பூமி ஆடும் சித்தி, கீழே கடையில் காப்பி குடிக்கிறவர்கள் கிளாஸைக்கூடக் கீழே வைக்க மாட்டார்கள் என்றாள். எனக்கு நம்ம ஊர்தான் ஞாபகம் வந்தது. தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் நாம் முதலில் புகை எந்தத் திசையில் எழும்புகிறது என்று பார்ப்போம். நம்ம ஆள் இருக்கிற திசை இல்லையென்றால் குனிந்து வேலையைப் பார்ப்போம். அன்றைக்கிருந்து எனக்கு மனசு சரியில்லை. ஆபத்து மாரி இருக்கிற ஊரிலிருந்துதான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் இன்னும் நீ வேலை பார்த்த அதே முதலாளியிடம்தான் வேலை பார்த்தார். அச்சங்குளத்துப் பக்கம் இருக்கிற கம்பெனி. பேன்சி வெடிக்கு மருந்து கலக்கிற வேலை. ஏர்போர்ட்டில் கையைத் துணியால் துடைத்து மெஷினில் வைத்துப் பார்ப்பார்களாம், மருந்து ஒட்டியிருந்தால் சத்தம் போடுமாம். அதனால் முன்கூட்டியே வேலையை விட்டுவிடுங்கள் என்று மாரி கெஞ்சினாள். அவர் இந்த ஆர்டர் முடியட்டும், அடுத்த ஆர்டர் முடியட்டும் என்றே தள்ளிப்போட்டார்.

இந்த வருசம் அந்தக் கம்பெனி சரியில்லை. மழைக்காகப் பாதியில் நிறுத்துவது, மிச்ச மருந்தை அப்படியே ரூமில் வைத்து மறுநாள் தொடுவது என்று போய்க்கொண்டிருந்தது. ஆட்களையும் ரூமுக்குள் அள்ளித் திணித்திருந்தார்கள். ஒரு சாயங்காலம் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்த அத்தான், ஈரம் பட்ட மருந்து தானாகச் சூடு ஏறுகிறது, வாடையே மாறிக்கிடக்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். அப்போதே நாங்கள் கையைப் பிடித்து இழுத்திருந்தால்?

விசாவுக்குக் கைரேகை வைக்கச் சென்னைக்கு வரச்சொன்னார்கள். போர்மேன் லீவு தர முகம் சுளித்தார். கடைசியில் செல்லத்துரையை அத்தான் இடத்தில் போடுகிறேன் என்று சம்மதித்தார். செல்லத்துரையை உனக்குத் தெரியாது அக்கா. நீ போன பிறகு வேலைக்கு வந்தவர், சதா பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார். கிளம்புகிற அன்றைக்கு மழை பெய்து பாதி மருந்து மிஞ்சிவிட்டது. அதைத் தண்ணீர் ஊற்றி அழித்த பிறகுதான் யாரையும் அந்த ரூமுக்குள் விடணும் என்று அத்தான் போர்மேனிடம் ரெண்டு தடவை சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு ராத்திரியே நாங்கள் விருதுநகரில் ரயில் ஏறினோம்.

சென்னை ஆபீசில் போனை அணைக்கச் சொன்னார்கள். அத்தான் விரலை மெஷின் எடுக்கவே இல்லை. மருந்தில் தேய்ந்து ரேகையே மழுங்கிப்போயிருக்கிறது. அங்கே இருந்த பொண்ணு ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து அழுத்தினாள். ஒருவழியாக முடித்து வெளியே வந்து போனைப் போட்டதும், விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் போல என் வீட்டுக்காரர் லைனில் வந்தார்.

"அண்ணாச்சி உங்கூடத்தான இருக்காக?"

பக்கத்தில்தான் நிற்கிறார் என்றேன். மறுபடியும் அதையே கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. அத்தான் என் முகத்தைப் பார்த்து, எந்த ரூம் என்று மட்டும் கேட்டார்.

அவருடைய ரூம்தான் அக்கா. மருந்தை யாரும் அழிக்கவில்லை. செல்லத்துரை காலையில் போய்த் தொட்டிருக்கிறார். வேறு ரெண்டு பெண்கள் இன்னும் மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். செல்லத்துரை அடக்கம் முடிந்து நாங்கள் அவர் வீட்டுக்குப் போனபோது செல்லத்துரை சம்சாரம் அழவில்லை. "அவரு ஒங்க எடத்துலதான நின்னாரு?" என்று கேட்டது. அத்தான் தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் விசா வந்துவிட்டது. மாரி போனில் துள்ளினாள். விபத்து நடந்த விஷயம் அவளுக்குத் தெரியும், அது அப்பாவுடைய ரூம் என்று தெரியாது. அத்தான் அந்த பாஸ்போர்ட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

கம்பெனி மேனேஜர் அத்தானைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். நான் மாரிக்குக் கொண்டுபோகப் பருப்புப்பொடி இடித்துக்கொண்டிருந்தேன். உலக்கையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தேன். "முந்தின நாள் மருந்து கலந்தது நீ. விசாரணையில அது உன் தலையிலதான் விடியும். செல்லத்துரை அளவு தெரியாமக் கலந்துட்டான்னு ஒரு வார்த்தை சொல்லிரு. நீ பாட்டுக்கு மகளைப் பார்த்துட்டு வா," என்றார். வாசல் வரை போனவர் திரும்பி நின்று, "அந்தப் பிள்ளையைப் படிக்க வச்சது யாருன்னு மறந்துறாத," என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சு எனக்கு விளங்கவில்லை. அத்தானிடம் கேட்டேன். ஒன்றுமில்லை, நீ பொடியை இடி என்றார். மறுநாளிலிருந்து தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் இறங்குவதில்லை. நம்ம வீட்டுக் கதவு திறக்கும்போது மட்டும் கண்ணாடி இறங்கும்.

விசாரணை தாலுகா ஆபீசில் நடந்தது. நானும் போனேன். மேனேஜர் வராந்தாவில் நின்றார். அதிகாரி கேட்டதும் அத்தான் நடந்ததைச் சொன்னார். மருந்து மிஞ்சியது, அழிக்கச் சொன்னது, போர்மேன் தலையாட்டியது, எல்லாம். செல்லத்துரை மேல் ஒரு தப்பும் இல்லை, மருந்தை அழிக்காமல் நான் கிளம்பியிருக்கக் கூடாது என்றும் சொன்னார். அதிகாரி போதும் என்றார். அத்தான் உட்காரவில்லை.

"அய்யா, இன்னொண்ணு இருக்கு. என் பொண்டாட்டி விசயம்," என்றார்.

அக்கா, நீ கைதவறிப் போட்டுத்தான் வெடித்தது என்று அன்றைக்கு எழுதினார்கள். உன்னோடு போன மூணு பேர் வீட்டுக்காரர்களும் நம்ம வீட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை மாரியிடம், உங்கம்மாதான் எங்கத்தையைக் கொன்னுச்சு என்று சொல்லியிருக்கிறது. அவள் ஊரைவிட்டு அவ்வளவு தூரம் போனதே அதற்காகத்தானோ என்று எனக்குத் தோன்றும்.

அத்தான் அதிகாரியிடம் சொன்னது இதுதான்: நீ போன அன்றைக்கு அவர் தண்ணீர் குடிக்க வெளியே வந்து ஜன்னலோரம் நின்றிருக்கிறார். நீ முதுகைக் காட்டி உட்கார்ந்து திரி சொருகிக்கொண்டிருந்தாய். லோடு ஏற்ற நேரமாகிவிட்டது என்று போர்மேன் ஆட்களை விட்டு மருந்துப் பெட்டியைத் தரையோடு இழுக்கச் சொல்லியிருக்கிறார். அந்த உரசலில்தான் பிடித்தது. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். இதை வெளியே சொல்லாதிருந்தால் மாரி எம்புட்டுப் படித்தாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று மேனேஜர் சொன்னாராம். இத்தனை வருசமும் அதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அதே முதலாளியிடம் மருந்து கலந்திருக்கிறார் அந்த மனுசன்.

எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை என்ன சொல்ல. வீட்டுக்கு வந்து தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். அவரை நான் மன்னிக்கணுமா, நீ சொல்லு.

போர்மேனைப் பிடித்துவிட்டார்கள். முதலாளியைத் தேடுகிறார்களாம். விசாரணை முடியும்வரை அத்தான் மாவட்டத்தை விட்டுப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கார் இன்னும் நிற்கிறது. நேற்று டீக்கடையில் முகம் தெரியாத ஒருத்தன் என் வீட்டுக்காரரிடம், "ஒங்க வீட்டம்மா நாளைக்கித்தான பிளேன் ஏறுது?" என்று கேட்டிருக்கிறான். நாங்கள் யாருக்கும் தேதி சொல்லவில்லை.

நான் போகவில்லை என்றுதான் சொன்னேன். அத்தான் விடவில்லை. பிள்ளைக்கு அங்கே நம்ம சனம் என்று ஒரு ஆளாவது வேண்டாமா என்றார். பட்டம் வாங்கினால் அந்த ஊரில் தலையில் இலைக்கிரீடம் வைப்பார்களாம், அதை வீட்டு ஆட்கள்தான் வைப்பார்களாம். விசா வந்த பிறகு பார்த்தால் அப்பா பாஸ்போர்ட்டில் ஏதோ சிக்கல் என்று மாரியிடம் சொன்னோம். அவள், நீங்களாவது வாங்க சித்தி என்றாள்.

என் வீட்டுக்காரர் அத்தானோடு உன் வீட்டிலேயே படுத்துக்கொள்கிறார். கதவுக்கு இரும்புத் தாழ் போட்டிருக்கிறோம். நான் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அக்கா, ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். அந்தக் கிரீடத்தை அவள் தலையில் நானே வைப்பேன். அவள் சிநேகிதிகளோடு சிரித்து முடிக்கட்டும், ஒரு நாள் விடுவேன். அதற்கு அடுத்த நாள் அவளைக் கடற்கரையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். அவள் படிப்பு எங்கிருந்து வந்தது, அவள் அப்பா எதைப் பார்த்தார், எதைச் சொல்லாமல் இருந்தார் என்று. அவள் அவரை வெறுக்கலாம். என்னையும் வராதே என்று சொல்லலாம். ஆனால் உங்கம்மா கை தவறவில்லை மாரி என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் நான் ஊர் திரும்ப மாட்டேன்.

உன் மகளுக்குச் சித்தி,
உனக்கு என்றைக்கும் தங்கச்சி,
பேச்சியம்மாள்