பொட்டு வைக்காத பன்னிரண்டாவது சிடி

என் உசுரான கோமதி அக்காவுக்கு,

நீ கொடுத்த கடைசி சிடியைப் போட்டுப் பார்த்த அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தக் கதையைச் சொன்னாலும் "யார் யார் இருந்தாங்க, அத சொல்லு மொதல்ல" என்பாயே, அதற்காக. கட்டிலில் என் மாமியார், இடது பக்கமாக ஒருக்களித்து. பிளாஸ்டிக் நாற்காலியில் ரோஸ்லின், சென்னையில் உன்னோடு தைத்த வில்லியனூர்ப் பக்கத்துப் பெண். வாசற்படியில் என் வீட்டுக்காரர், கழனியிலிருந்து வந்த ஈரக் காலோடு. தரையில், டிவிடி பிளேயர் பக்கத்தில் நான். டிவிக்குள் நீ. ஆக ஐந்து பேர். என் நாத்தனார் அமுதா இல்லை. நெட்டப்பாக்கத்திலிருந்து வருகிறேன் என்று சொல்லியிருந்தாள், வரவில்லை. அதையும் குறித்துக்கொள்.

நீ கண்ணை மூடி இரண்டு வருசம் ஆகிவிட்டது. இங்கே என் நிலைமை நீ விட்டுப் போனபடிதான் இருக்கிறது. அத்தை கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது உனக்குத் தெரியும். இப்போது அதற்கு நாலு வருசம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகு புண்ணாகிவிடும். எல்லாவற்றுக்கும் நோட்டு போடுகிறவள் இதற்கும் போட்டேன். நாலு நோட்டு முடிந்துவிட்டது. புரட்டிப் பார்த்தால் இடது, வலது, இடது, வலது. நடுவில் மாத்திரை, கஞ்சி. வேறு ஒன்றும் இல்லை.

ஏரிக்கரை அம்மன் கோயிலுக்குப் போய்வர ஒன்றேகால் மணி நேரம். வெள்ளிக்கிழமையில் வரிசை நீண்டிருந்தால் வெளியிலேயே நின்று கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். ஆத்தா முகத்தைப் பார்த்து எத்தனை வாரம் ஆகிறது என்று நோட்டில் எழுதவில்லை. எழுதினால் அழுகை வரும்.

நீ உடுப்பு தைத்த அம்மன் சீரியலின் டிவிடி பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாயே, அதுதான் இத்தனை நாள் என் கடிகாரம். ஒரு சிடியில் ஐந்து பாகம். அஞ்சாவது பாகம் முடிந்து பாட்டு ஓடும்போது அத்தையைத் திருப்ப நேரமாகிவிடும். அத்தைக்கும் அது இல்லாமல் ஆகாது. வில்லி வரும்போதெல்லாம் "வந்துட்டா பாரு, மூதேவி" என்பார்கள். போனில் போட்டுத் தருகிறேன் என்றால், தீப்பெட்டிக்குள் சாமியைப் பார்க்க மாட்டேன் என்பார்கள்.

போன ஆயுத பூஜைக்கு நான் செய்த காரியத்தைக் கேள். தையல் மெஷின், அரிவாள், மிக்ஸி, தண்ணி மோட்டார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். சிடிகளை மட்டும் எப்படி விடுவது? அவையும் எனக்கு உழைக்கிறவைதானே. படம் போட்ட பக்கத்தில் அம்மன் நெற்றியில் ஏற்கெனவே குங்குமம் இருந்தது. வெறுமையாக இருந்தது பளபளக்கிற அடிப்பக்கம்தான். கண்ணாடிக்கு வைப்பதுபோல அதில் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்தேன். பதினோரு சிடிக்கும்.

மறுநாள் ஒன்றும் ஓடவில்லை. சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. குத்துவிளக்கை விளக்குகிற மாதிரி புளியும் தேங்காய் நாரும் போட்டு, மெதுவாகத்தான் தேய்த்தேன். பொட்டு போய்விட்டது. அம்மனும் போய்விட்டாள். "சாமிக்கே புளி போட்டு தேச்சவ நீ ஒருத்திதாண்டி" என்று அத்தை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பன்னிரண்டாவதுக்கு நான் பொட்டு வைக்கவில்லை. அது சாமி சிடி இல்லை என்று பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தது.

அக்கா, இனிமேல் சொல்லப்போவதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும்.

பெட்டியைக் கொடுத்துவிட்டு, "கடைசி சிடியில மேக்கிங், அதான் சீரியல எப்படி எடுத்தோம்னு, போட்டிருக்காங்க. நானும் வரேன். வூட்டுல எல்லாரையும் உக்கார வச்சிப் பாரு" என்றாய். அது ஆடி மாசம். கூழ் ஊற்ற விரதம் இருந்தேன். நீ போன பிறகு தனியாகத்தான் போட்டேன். எடுத்த எடுப்பில் அம்மனாக நடித்த பெண் நைட்டியில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தாள். தலையில் கிரீடத்துக்குப் பதில் டவல். அவள் பின்னால் சுவரில், அம்மனின் அத்தனை கைகளும் சட்டை மாட்டுகிற மாதிரி ஆணியில் தொங்கின. சூலம் பிடிக்கிற கையில் யாரோ டிபன் பையை மாட்டியிருந்தார்கள்.

மூன்று நிமிஷம்கூடப் பார்த்திருக்க மாட்டேன். நிறுத்திவிட்டுக் கற்பூரம் ஏற்றி கன்னத்தில் போட்டுக்கொண்டேன். காலையில் விளக்கேற்றி எந்த முகத்தைக் கும்பிட்டேனோ, அதைப் பஜ்ஜியோடு பார்க்க என்னால் முடியவில்லை.

நீ போன் செய்தாய். "பாத்தியா?"

"பாத்தேங்கா. நல்லா இருந்திச்சி."

"அவ்ளோதானா?"

"வேற இன்னா சொல்லணும்?"

பிறகு, "ஒண்ணுமில்ல. சாப்டியா?" என்றாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. பன்னிரண்டு வருசம். உன்னை எரித்த அன்றுகூட எனக்கு அந்த சிடி ஞாபகம் வரவில்லை.

இந்த ஐப்பசியில் ரோஸ்லின் வந்தாள். வில்லியனூரில் சொந்தமாகத் தையல் கூடம் வைத்திருக்கிறாளாம். சீரியலுக்கும் கோயில் திருவிழாவில் ஆடுகிற நாடகக்காரர்களுக்கும் உடுப்பு தைக்கிறாள். சாமி வேஷத்துக்குக் கூடுதல் கை வைத்துத் தைக்க ஆள் அமையவில்லை. என்னை வரச்சொல்லிக் கேட்டாள். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை பத்திலிருந்து சாயங்காலம் அஞ்சு. என்னைப் பற்றி உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"சிடியில அக்கா சொன்னாங்களே. நீங்க வரமாட்டேன்னுட்டீங்கன்னுதான் அந்த எடத்துல என்னச் சேத்துக்கிட்டாங்க" என்றாள்.

எந்த இடம் என்று எனக்குப் புரியவில்லை. புடவைக்கு அடியிலிருந்து எடுத்தேன். பொட்டு படாததால் அதில் ஒரு கீறல்கூட இல்லை. போட்டதும் ஓடியது.

மறுபடியும் பஜ்ஜி, டவல், ஆணியில் கைகள். இந்தத் தடவை நிறுத்தவில்லை. நாலாவது நிமிஷத்தில் நீ வந்தாய். பல்லில் ஊசி நூலைக் கடித்தபடி, மடியில் அம்மனின் ஒரு கையை வைத்து நீலச் சட்டைத் துணியை ஏற்றிக்கொண்டிருந்தாய். கேமராக்காரர், இத்தனை கையும் ஆடும்போது கழன்று விழாமல் எப்படி நிற்கிறது என்று கேட்டார். நீ சிரித்தாய். சொன்னதை அப்படியே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

"இந்த வேல என்னுது இல்ல சார், என் தங்கச்சி தனத்தோடது. பாகூர்ல இருக்கா. யாரும் கத்துக் குடுக்கல, பழைய ரவிக்கைய பிரிச்சி நியூஸ் பேப்பர்ல வரைஞ்சே கத்துக்கிட்டா. அக்குள்ல ஒரு துண்டு துணி வச்சித் தைக்கிறது அவளோட யோசன. அடுத்த சீரியலுக்கு ரெண்டாவது ஆளு கேட்டிருக்காங்க. நான் தனியா கேட்டா, அவ மாமியார் மூஞ்சியப் பாத்துட்டு இல்லன்னுடுவா. அவ வூட்டுல எல்லாரும் ஒண்ணா உக்காந்து இதப் பாக்கட்டும். பாத்துட்டு அவளே சொல்லட்டும்."

அவ்வளவுதான். அடுத்தது வசனம் தப்பு விட்டவர்கள் சிரிக்கிற காட்சிகள்.

அக்கா, அப்போது அத்தை நடமாடிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் யாருக்கும் இடுப்பு உடையவில்லை. நோட்டில் இடதும் இல்லை, வலதும் இல்லை. நான் பார்க்கவில்லை என்று உனக்குத் தோன்றவே இல்லையா? பார்த்தேன் என்றால் பார்த்திருப்பாள் என்று நம்பினாயா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இன்னொரு தரம் கேட்டிருக்கக் கூடாதா?

கதவு வெளியே பூட்டியிருக்கிறது என்று நாலு வருசமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் முன்னால் உள்ளே தாழ்ப்பாள் போட்டது என் கைதான்.

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார்கள். "ஒன் அக்கா கேட்டதுக்கு நீ இன்னாடி சொன்ன?"

"நல்லா இருந்திச்சின்னு சொன்னேன் அத்த."

"என் மூஞ்சிய பாத்து பயந்துடுவன்னு ஊருக்கே சொல்லியிருக்கா பாரு. நான் இன்னா, ஒன்ன கயிறு போட்டா கட்டி வச்சிருக்கேன்?" என்றவர்கள், மூச்சு விடுவதற்குள் "தண்ணி குடு, திருப்பி விடு, இடுப்பு கடுக்குது" என்றார்கள். நேரம் பார்த்தேன். சரியாகத்தான் சொன்னார்கள். வலது பக்கம் திருப்பிவிட்டேன். நோட்டில் எழுதினேன். ரோஸ்லின் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் வீட்டுக்காரர் வாசற்படியிலேயே நின்றார். ரோஸ்லின் கிளம்பிய பிறகு, "அமுதா வந்து பகல்ல அம்மாவ பாத்துக்கிட்டா எனக்கு ஒண்ணும் இல்ல. நான் சாயங்காலம் வந்துடுவேன். நீயே அவகிட்ட கேட்டுக்க" என்று சொல்லிவிட்டு மோட்டார் போடப் போனார். இருபத்தாறு வருசத்தில் அவர் எனக்குத் திறந்துவிட்ட பெரிய கதவு இது. ஆனால் சாவி நெட்டப்பாக்கத்தில் இருக்கிறது.

போனில் கேட்டேன். முதல் தடவை, "கரும்பு வெட்டு முடியட்டும் அண்ணி" என்றாள். இரண்டாவது தடவை, "பாக்கலாம் அண்ணி." மூன்றாவது தடவை குக்கர் விசில் அடித்தது, வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பிடிபடாமல் நழுவுகிற வித்தையை அவளுக்கு முன்னால் கற்றவள் நான். அவள் அம்மாவைப் பார்க்க வந்தால் கொய்யாப்பழம் இல்லாமல் வரமாட்டாள். வந்தால் பஸ் நேரத்தைப் பார்க்காமலும் இருக்கமாட்டாள்.

அதனால்தான் இந்தக் கடிதத்தை எங்கள் மகளிர் குழு மாத இதழுக்கு அனுப்புகிறேன். செத்தவளுக்கு எழுதுவதை ஊர் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். நீ ஊர் பார்க்கிற சிடியில் என்னைக் கேட்டாய். எல்லார் முன்னாலும் கேட்டால் இல்லை என்று சொல்வது கஷ்டம் என்று கணக்குப் போட்டாய். கணக்கு சரிதான், நான்தான் பார்க்காமல் கெடுத்தேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே பிரதி, அது முதலில் அமுதா வீட்டுக்குத்தான் வரும். படித்துவிட்டு எனக்கு அனுப்புவாள்.

ஆத்தாவைப் பற்றி ஒன்று. பொட்டு வைத்த பதினொன்றையும் எடுத்துக்கொண்டாள், வைக்காததை விட்டுவைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இப்போது விளக்கேற்றும்போது அந்தப் பஜ்ஜி தின்கிற பெண்ணும் நினைவுக்கு வருகிறாள். முன்னைப்போலக் கன்னத்தில் போட்டுக்கொள்வதில்லை. பசித்திருப்பாள் பாவம், அத்தனை கையைச் சுமந்தால்.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். பார்க்காததைப் பார்த்தேன் என்று இனி யாரிடமும் சொல்ல மாட்டேன். வில்லியனூருக்குப் போனாலும் போகாவிட்டாலும், அக்குளில் வைக்கிற அந்தத் துண்டை எப்படி வெட்டுவது என்று ரோஸ்லினுக்குப் பேப்பரில் வரைந்து அனுப்பிவிடுவேன். நீ உன் வாயால் என்னுடையது என்று சொன்ன வேலை என்னோடு இந்தக் கூடத்துக்குள் கிடக்க வேண்டாம்.

பத்து நிமிஷம் இருக்கிறது அக்கா. அத்தையை இடது பக்கம் திருப்ப வேண்டும்.

உன் பின்னால் பிறந்து, உன் சொல்லைக் கடைசியில் கேட்ட தங்கை,
தனம்

அமுதாவுக்கு: திங்கள் முதல் வெள்ளி வரை, பகலில் அத்தையைப் பார்த்துக்கொள்ள உன்னால் வர முடியுமா, முடியாதா? எதுவானாலும் கோபமில்லை. ரோஸ்லின் கார்த்திகை முதல் தேதி வரைதான் காத்திருப்பாள். "படிச்சேன் அண்ணி, நல்லா இருந்திச்சி" என்று மட்டும் நீ சொன்னால், இந்த வரி வரைக்கும் நீ வரவில்லை என்று தெரிந்துகொள்வேன். சீக்கிரம் பதில் சொல்லும்மா.